அப்பாவின் கடிதப் பெட்டி யாருக்குச் சொந்தம்?

2008-இல் தில்லி தீன்மூர்த்தி இல்லத்து நூலகத்திலிருந்து 51 பெட்டிகள் வெளியே போயின. உள்ளே இருந்தவை நேருவின் தாள்கள், கடிதங்கள். 1971 முதல் குடும்பத்தின் சார்பில் நேரு நினைவு நிதி அந்த நூலகத்துக்குக் கொடுத்து வந்த பெரிய தொகுப்பில் ஒரு பகுதி அது. போய்ச் சேர்ந்த இடம் சோனியா காந்தி. 2024-இல் அந்த நூலகத்தின் (இப்போது அதன் பெயர் பிரதம மந்திரிகள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம்) நிர்வாகச் சங்க உறுப்பினர் ஒருவர், மூலத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் நகலையாவது தாருங்கள் என்று கடிதம் எழுதியதும் விஷயம் பெரிதானது. கடைசி வைஸ்ராயின் மனைவி எட்வினா மவுண்ட்பேட்டன் பெயர் அதில் அடிபட்டதால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது.

அரசியலை ஓரமாக வைப்போம். பலருக்கும் உண்மையில் புரியாமல் இருப்பது இதுதான்: ஒருவருடைய கடிதங்களை நூலகத்துக்குக் கொடுத்தபின் குடும்பம் திரும்ப எடுக்க முடியுமா? நாட்டின் பிரதமர் எழுதியது நாட்டுக்குத்தானே சொந்தம்? அப்பா எழுதியது பிள்ளைக்குச் சொந்தமில்லையா? தமிழ்நாட்டில் எழுத்தாளர், பாடகர், நடிகர், கட்சிக்காரர், பேராசிரியர் என்று பெயர் எடுத்த அப்பாவோ அம்மாவோ விட்டுப்போன ட்ரங்குப் பெட்டி பரணில் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. அவர்களுக்கும் இதே கேள்விகள்தான், அளவுதான் சின்னது. அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வரலாம்.

ஒரு கடிதம், இரண்டு சொத்து

கடிதம் என்பது தாள், அதில் இருக்கும் எழுத்து என்று இரண்டு பொருள். இரண்டுக்கும் பெரும்பாலும் வேறு வேறு சொந்தக்காரர்கள். தாள், கடிதம் யாருக்கு வந்ததோ அவருக்குச் சொந்தம். எழுத்து, அதாவது அந்த வாக்கியங்களை அச்சிடவும் நகலெடுத்துப் பரப்பவும் உள்ள உரிமை, எழுதியவருக்குச் சொந்தம். அவர் போனபின் அவருடைய வாரிசுகளுக்கு. இந்த இரண்டாவதைத்தான் பதிப்புரிமை என்கிறோம்.

இந்தப் பிரிவினை புதிதில்லை. 1741-இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர், தன் கடிதங்களை அனுமதியில்லாமல் அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரி மேல் வழக்குப் போட்டார். அந்தப் புத்தகத்தில் போப் எழுதியவையும் இருந்தன, போப்புக்கு மற்றவர்கள் எழுதியவையும் இருந்தன. நீதிமன்றம், அவர் எழுதியவற்றுக்கு மட்டும் தடை கொடுத்தது. அவருக்கு வந்தவற்றுக்குக் கொடுக்கவில்லை. கடிதம் அனுப்புகிறவர் தாளைத்தான் கொடுக்கிறார், அச்சிடும் உரிமையைக் கொடுக்கவில்லை என்பதே அன்று நிலைநின்ற கருத்து. இந்தியச் சட்டமும் அந்த மரபில் வந்ததுதான்.

நேருவையே வைத்துப் பார்ப்போம். 1928 கோடையில் அலகாபாத்திலிருந்து, முசூரியில் இருந்த 10 வயது மகளுக்கு அவர் தொடர்ந்து கடிதம் எழுதினார். தாள் இந்திராவுடையது. எழுத்து நேருவுடையது. மறுவருடம் அவை புத்தகமாக வந்தபோது அச்சிடும் முடிவு நேரு எடுக்க வேண்டியது, சிறுமி இந்திரா எடுக்க வேண்டியதல்ல. நேரு போனபின் தாளும் எழுத்தும் ஒரே கைக்கு வந்தன. மகளே வாரிசாகவும் இருந்ததால் வந்த வசதி அது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாலிஞ்சர் கதை போதும். அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் தன் இளம் தோழி ஜாய்ஸ் மேனார்டுக்கு எழுதிய 14 கடிதங்களை 1999-இல் மேனார்டு ஏலத்துக்கு விட்டார். 1,56,500 டாலருக்குப் போயின. சாலிஞ்சர் உயிரோடுதான் இருந்தார், ஆனால் விற்பனையைத் தடுக்க அவருக்கு வழி கிடையாது, தாள் மேனார்டுடையது. வாங்கியவர் அதை அச்சிடவும் முடியாது, எழுத்து சாலிஞ்சருடையது. வாங்கிய மென்பொருள் பணக்காரர், சாலிஞ்சருக்கே திருப்பித் தருகிறேன் என்று சொன்னது தனிக் கதை.

அப்படியானால் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது என்ன?

இங்கேதான் குடும்பங்கள் முதல் தடவை தடுக்கி விழுகின்றன. பெட்டியைத் திறந்ததும் "அப்பாவோட லெட்டர்ஸ்" என்கிறோம். நிதானமாகப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் அப்பா எழுதியதாக இருக்காது, அப்பாவுக்கு மற்றவர்கள் எழுதியதாக இருக்கும். அப்பா எழுதியவை ஊரெல்லாம் போய்விட்டன. இருப்பது அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதியவை, தபாலில் சேர்க்காமல் விட்டவை, கார்பன் நகல்கள், அவ்வளவுதான்.

விளைவு என்னவென்றால், பெட்டி உங்களுடையது, ஆனால் அதிலுள்ள பெரும்பகுதி எழுத்து உங்களுடையதில்லை. அப்பாவுக்கு வேறொரு பிரபல எழுத்தாளர் எழுதிய கடிதத்தை நீங்கள் விற்கலாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டலாம். முழுசாக அச்சிட அந்த எழுத்தாளரின் வீட்டாரைக் கேட்க வேண்டும். அதே சமயம், அப்பா எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களின் எழுத்துரிமை உங்களிடம் இருக்கிறது, தாள் எங்கோ யாரோ ஒருவர் பீரோவில் இருக்கிறது. யார் யாருக்கெல்லாம் எழுதினார் என்ற பட்டியல், பெட்டியில் உள்ள கடிதங்களை வைத்துத்தான் தயாரிக்க முடியும். அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள் என்றால் இவர் எழுதியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

வந்த கடிதங்களின் மதிப்பு தெரிய வேண்டுமானால் உ.வே.சாமிநாதையரைப் பாருங்கள். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த மனிதர் தனக்கு வந்த கடிதங்களையும் தூக்கிப் போடவில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்த அந்தக் கடிதங்கள் அவர் பெயரில் சென்னையில் இருக்கும் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1877 முதல் 1900 வரையிலானவை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பில் நூலாகவும் வந்துவிட்டன. அவருக்கு வந்தவற்றை வைத்து ஒரு காலத்துத் தமிழ் உலகத்தையே திரும்பக் கட்ட முடிகிறது.

இன்னொரு பிரிவும் உண்டு. அப்பா அமைச்சராகவோ அரசு அதிகாரியாகவோ இருந்தவர் என்றால், பெட்டியில் அலுவலகக் கோப்புகளும் கலந்து கிடக்கும். அவை நினைவுப்பொருள் கணக்கில் வராது. மத்திய அரசின் பதிவேடுகளுக்கு 1993-இல் வந்த பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. அவற்றை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.

எத்தனை வருஷம், யார் கையில்

இந்தியாவில் பதிப்புரிமை, எழுதியவர் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும். முன்பு 50-ஆக இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 முடிவில் அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போகவிருந்த நேரத்தில், 1992 திருத்தத்தில் 60 ஆக்கினார்கள். நேரு 1964-இல் இறந்தார். ஆகவே 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து அவர் காலத்தில் வெளிவந்த புத்தகங்களை யாரும் அச்சிடலாம்.

சரி, கடிதங்களும் அப்படித்தானே? இல்லை. இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, எழுதியவர் சாகும்வரை வெளிவராத எழுத்துக்கு வேறு கணக்குச் சொல்கிறது: முதன்முதலில் வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டு. ஆக, அந்த 51 பெட்டிகளில் இதுவரை அச்சேறாத நேரு கடிதம் ஒன்று இருந்தால், அவருடைய புத்தகங்கள் எல்லாம் விடுதலையான பிறகும் அந்தக் கடிதம் விடுதலையாகவில்லை. நாளைக்கு வெளியிட்டால் அடுத்த வருடத்திலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். இதற்கு ஒரு சின்ன விலக்கும் உண்டு: பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ இருக்கும் வெளிவராத எழுத்தை, எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழிந்திருந்தால், ஆராய்ச்சிக்காகவோ வெளியிடும் நோக்கத்திலோ நகலெடுக்கலாம். வீட்டுப் பரணில் இருந்தால் இந்த விலக்கு கிடையாது. பெட்டி நூலகத்தில் இருக்கிறதா வீட்டில் இருக்கிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் ஏன் இத்தனை சண்டை போடுகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமை யார் கையில் என்பதில் நான்கு விஷயங்கள்:

1. உயில் இல்லாவிட்டால் எல்லா வாரிசுகளுக்கும் பொது. இந்து வாரிசுச் சட்டப்படி அப்பா போனால் அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் பங்கு. பெட்டி மூத்தவர் வீட்டில் இருப்பதால் எழுத்துரிமையும் மூத்தவருடையது என்று ஆகிவிடாது. புத்தகம் போட எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும்.

2. "என் கையெழுத்துப் பிரதிகளை இளைய மகளுக்குக் கொடுக்கிறேன்" என்று உயிலில் எழுதி, அவை வெளிவராத எழுத்தாகவும் இருந்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை எழுத்துரிமையும் சேர்ந்தே அவருக்குப் போகிறது. தாளும் எழுத்தும் சட்டப்படி ஒட்டிக்கொண்டு போகும் அபூர்வமான இடம் இது. உயில் எழுதும் வக்கீல்களில் எத்தனை பேர் இதை யோசிக்கிறார்களோ.

3. வாயால் சொன்ன "நீங்களே போட்டுக்கோங்க சார்" சட்டத்தில் நிற்காது. உரிமை மாற எழுத்தில் வேண்டும், கையெழுத்து வேண்டும்.

4. நாட்டுடைமை. பாரதி பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. அந்த வழியில் இன்றுவரை தமிழ்நாட்டு அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறது. இதனால் பீரோவில் இருக்கும் தாள்கள் அரசுக்குப் போய்விடுவதில்லை. வெளிவராத கடிதங்களும் இதில் அடங்குமா என்பது அரசாணையிலும் ஒப்பந்தத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. காசோலை வாங்கும் அன்றைக்கு விழாவில் போட்டோ எடுப்பதோடு அந்தத் தாளையும் ஒரு தடவை படித்துவிட வேண்டும்.

கடிதத்தில் இருக்கும் மற்றவர்கள்

பதிப்புரிமை எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம்: அந்தக் கடிதத்தில் பேசப்படுகிற ஆட்கள்.

1994-இல் உச்ச நீதிமன்றம் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில் (நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்தது) அந்தரங்கத்துக்கு ஒரு கோடு போட்டது. ஒருவருடைய திருமணம், குடும்பம் போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது. நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் ஏற்கெனவே இருந்தால் அது வேறு. 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். செத்துப்போனவருக்கு? 2021-இல் ஜெயலலிதா வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, சொத்துபோல வாரிசுக்கு இறங்காது என்றது.

இதைக் கடிதப் பெட்டியில் பொருத்திப் பாருங்கள். அப்பாவின் ரகசியத்தைக் காக்கச் சட்டம் வராது. அது பிள்ளைகளின் மனசாட்சி வேலை. ஆனால் அப்பாவுக்கு அழுது அழுது எழுதிய ஒரு தோழி, கடன் கேட்டு எழுதிய ஒரு சிநேகிதர், மகள் கல்யாணம் நின்றுபோன காரணத்தை எழுதிய ஒரு சித்தப்பா, இவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களுக்குச் சட்டம் உண்டு.

இந்தச் சிக்கலுக்குக் குடும்பங்கள் கண்டுபிடிக்கும் சுலபமான வழி நெருப்பு. ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் பேரன் ஸ்டீபன் ஜாய்ஸ், தன் அத்தை லூசியா தனக்கு எழுதிய கடிதங்களை அழித்துவிட்டதாக 1988-இல் வெனிஸில் ஆராய்ச்சியாளர்கள் கூடிய அவையிலேயே அறிவித்தார். நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் லூசியாவுக்கு எழுதியவையும் சேர்ந்து போயின. லூசியா வாழ்நாளில் பெரும்பகுதியை மனநல மருத்துவமனைகளில் கழித்தவர்; அத்தையை ஊர் வாயிலிருந்து காப்பாற்றுகிறேன் என்பது பேரனின் நியாயம். நியாயம் புரிகிறது, ஆனால் லூசியா தன் சொந்த வார்த்தையில் பேசியது போய், மற்றவர்கள் லூசியாவைப் பற்றிப் பேசியது மட்டும் மிஞ்சியது. என்னைக் கேட்டால் இது காப்பாற்றிய கணக்கில் வராது.

நம் பக்கம் எதிர் உதாரணம் இருக்கிறது. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள். 1948-இல் அவர் இறந்து பல பத்தாண்டு கழித்து நூலாயின. கணவன் மனைவிக்கு எழுதிய கடிதம், இதைவிட அந்தரங்கம் வேறென்ன. கமலா அவற்றை வைத்திருந்ததால்தான் கதைகளில் நையாண்டி பண்ணும் மனிதருக்கு வீட்டைப் பிரிந்த இடத்தில் வேறொரு குரல் இருந்தது நமக்குத் தெரிகிறது.

எரிப்பதற்கும் உடனே வெளியிடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: கெடு வைப்பது. குறிப்பிட்ட கட்டை மூடி, இன்ன வருடம் வரை, அல்லது இன்னார் ஆயுள் வரை திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது. உலகத்தின் பெரிய ஆவணக்காப்பகங்களில் சாதாரண நடைமுறை. நம்மூரில் கேட்டால் கொடுப்பார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.

கண்ணாடி, பேனா, செருப்பு

நினைவுப்பொருளுக்கு எழுத்துரிமைத் தொல்லை இல்லை. அதற்கு வேறு தொல்லை: இது அவருடையதுதான் என்று எப்படிச் சொல்வது?

2020-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு ஏல நிறுவனத்தின் தபால் பெட்டியில் சாதாரணக் கவர் ஒன்று செருகிக் கிடந்தது. உள்ளே ஒரு வட்டக் கண்ணாடி, காந்தியுடையது என்று ஒரு குறிப்பு. மதிப்பில்லையென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றுதான் கொடுத்தவர் சொன்னாராம். தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் வழியாகக் குடும்பத்துக்கு வந்தது என்ற கதையைத் தேதிகளோடு பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தியது. 2,60,000 பவுண்டுக்குப் போனது. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, ஏன் வந்தது என்ற அந்தத் தொடர்கதைக்குத்தான் அத்தனை விலையும். அது இல்லாவிட்டால் அது ஒரு பழைய கண்ணாடி.

2009-இல் நியூயார்க்கில் காந்தியின் கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் ஏலத்துக்கு வந்தபோது தில்லி உயர் நீதிமன்றம் வரை தடை வாங்கியும் நிற்கவில்லை. விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். 2012-இல் காந்திக்கும் அவருடைய தென்னாப்பிரிக்க நண்பர் காலன்பாக்குக்கும் தொடர்பான கடிதத் தொகுப்பு லண்டனில் ஏலத்துக்கு வரவிருந்தபோது அரசு பாடம் கற்றிருந்தது: ஏலத்துக்கு முன்பே பேசி வாங்கி தேசிய ஆவணக்காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். நாடு கடந்துபோன பொருளைத் தடுக்கச் சட்டம் உதவாது, பணம்தான் உதவும் என்பதே இரண்டிலும் தெரிவது.

நாட்டுக்குள் இருக்கும் பொருளுக்குச் சட்டம் உண்டு. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்கள் தொல்பொருள். கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டே போதும், வரலாற்று அல்லது இலக்கிய மதிப்பு இருந்தால். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தாத்தாவின் 1940-களின் டைரியை "பத்திரமா இருக்கும்" என்று நியூஜெர்சிக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. ஸ்கேன் எடுத்துப் போகலாமே, அதைத் தடுக்க யாருமில்லை.

பெட்டியைத் திறந்ததும் செய்யக் கூடாதவை

தாளுக்கும் எழுத்துக்கும் அடுத்து மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: அடுக்கு. அப்பா எதை எதோடு சேர்த்துக் கட்டி வைத்தார், எந்தக் கவருக்குள் எந்தக் கடிதம், எந்தக் கடிதத்துக்குள் எந்த ரயில் டிக்கெட். தேதி இல்லாத கடிதத்துக்குத் தேதி சொல்வது கவரில் இருக்கும் அஞ்சல் முத்திரைதான். கவரைக் குப்பையில் போட்டு, தபால்தலையை வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் "பெரியவங்க லெட்டர்", "சொந்தக்காரங்க லெட்டர்" என்று பிரித்து அடுக்கிவிட்டால் அந்தச் சாட்சியம் போச்சு. பெட்டியை முதலில் போட்டோ எடுங்கள், கட்டுகட்டாக. அப்புறம் தொடுங்கள்.

கெடுப்பவை எவை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு. முதல் இரண்டும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், ரப்பர் உருகி ஒட்டும். பொறுமையாகக் கழற்றி விடுங்கள். எது எதோடு இருந்தது என்று குறித்துக்கொண்டு.

2. செலோடேப். கிழிந்த இடத்தில் இதை ஒட்டுவது போன்ற பாவம் வேறில்லை. பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே விடுங்கள், தெரிந்தவர்கள் எடுப்பார்கள்.

3. லேமினேஷன். சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிய தாளைப் பிரிக்க முடியாது. கடந்த நூற்றாண்டின் நடுவில் ஆவணக்காப்பகங்களே அசிடேட் தாள் வைத்து லேமினேட் செய்தன. இன்று அதைப் பிரிக்கத் திண்டாடுகின்றன.

4. மை. அன்னபேதியும் கடுக்காயும் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த பழைய மை, நாளாவட்டத்தில் பழுப்பாகி, எழுத்து இருந்த இடத்திலேயே தாளை அரித்து ஓட்டை போடும். பழைய புளூ-பிளாக் மைகள் பலவும் இந்த இனம். சாதா நீல மைக்கு வேறு நோய்: வெளிச்சத்தில் வெளுக்கும், தண்ணீரில் கரையும். அதனால் பிரேம் போட்டு ஹாலில் மாட்ட வேண்டியது நகல், மூலம் அல்ல.

5. பூச்சி. கரையானும் இராமபாணமும். பாச்சை உருண்டை போடுவதை விடுங்கள், மனிதருக்கும் நல்லதில்லை. வேப்பிலையைத் தாள்களுக்கு நடுவே வைத்தால் கறை விழும். சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி, மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் நிஜமான மருந்து. பூச்சி வந்துவிட்டால் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேல் உறையவைக்கும் முறை இருக்கிறது. இதைத் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

காப்பகங்கள் 18 முதல் 22 டிகிரி வெப்பம், 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வீட்டில் அதை எட்ட முடியாது, எட்டவும் வேண்டாம். ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பது அதைவிட முக்கியம். இரவில் ஏசி, பகலில் வெக்கை என்று மாறி மாறி அடிக்கும் படுக்கையறையைவிட, வீட்டின் நடுவில் வெயில் படாத அறையில் இருக்கும் மர அலமாரி தேவலை. பரணும் தரைத்தளமும் வேண்டாம். 2015 வெள்ளத்தில் சென்னை வீடுகளின் தரைத்தளங்கள் என்ன ஆயின என்று தெரியும். அமிலம் இல்லாத அட்டைப்பெட்டி, காகித உறை கிடைத்தால் நல்லது. பிவிசி பிளாஸ்டிக் உறை கூடாது. கையுறை தேவையில்லை, கழுவித் துடைத்த கை போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாமல் கிழிப்பதுதான் நடக்கும்.

ஸ்கேன் எடுப்பது, பகிர்வது

அங்குலத்துக்கு 400 முதல் 600 புள்ளி, கலரில், தாளின் நான்கு ஓரமும் தெரியும்படி, பின்பக்கமும் கவரும் சேர்த்து. மூலக்கோப்பு டிஃப் (TIFF) வடிவில், பார்ப்பதற்கு ஜேபெக் (JPEG) நகல். தாளை இழுத்து விழுங்கும் வகை ஸ்கேனரில் பழைய தாளை விடக் கூடாது. கோப்புக்குப் பெயராக "அப்பா லெட்டர் 1 புதுசு" என்று வைக்காமல் கட்டு எண், கடித எண், பக்க எண் என்று வைத்து, அதே எண்ணைத் தாளின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவிட வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதைச் சேமிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

நகல் மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்றாவது வேறு ஊரில். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் நகல் இல்லாதவை அதில் இருந்தன. 2005-இல் தொடங்கிய "நூலகம்" என்ற வலைத்தளம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இவ்வளவு வேகமாக மின்னுருவாக்கியதற்குப் பின்னால் அந்த நினைவும் இருக்கிறது. மின்நகலும் சாசுவதம் இல்லை: 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் இணையத் தாக்குதல் நடந்து, அதன் மின் தொகுப்புகள் பல மாதக்கணக்கில் திறக்கவில்லை.

பகிர்வதில் என் அபிப்பிராயம் இது. ஒரு கடிதத்தை ஃபேஸ்புக்கில் போடுவது தப்பில்லை, அப்பா எழுதியதாக இருந்தால், மற்ற வாரிசுகளுக்குச் சம்மதம் இருந்தால், உயிரோடு இருக்கும் யாரையும் அது குத்தாவிட்டால். ஆனால் பாதியை வெட்டிப் போடுவது, "நம்ம அப்பா அப்பவே சொன்னார்" என்று இன்றைய சண்டைக்கு ஒரு வரியைப் பிய்த்து எடுத்துப் போடுவது இரண்டும் வேண்டாம். வெட்டினால் வெட்டிய இடத்தில் புள்ளி வையுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், அப்பாவுடையதாக இருந்தாலும்.

கொடுப்பதென்றால்

கோட்டையூர் ரோஜா முத்தையா வீட்டில் சேர்த்த நூல்களும் இதழ்களும் கல்யாணப் பத்திரிகைகளும் நோட்டீசுகளும் 1992-இல் அவர் மறைந்தபின் சிதறிப்போயிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கி, ஆனால் கடல் கடத்தாமல், 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வைக்கச் செய்தது. அது நல்லபடி முடிந்த கதை. எல்லா நிறுவனமும் அப்படி இருக்காது என்பதால், கொடுக்கும்போது ஒரு பத்திரம் வேண்டும். அதில் இவை தெளிவாக இருக்க வேண்டும்:

1. இது தானமா, பாதுகாப்புக்கு வைப்பதா? தானமென்றால் திரும்ப எடுக்க முடியாது. வைப்பென்றால் முடியும். தீன்மூர்த்தி தகராறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

2. தாள் மட்டுமா, எழுத்துரிமையும் சேர்த்தா?

3. எந்தக் கட்டு எந்த வருடம் வரை மூடியிருக்கும்?

4. யார் பார்க்கலாம், நகல் யாருக்குக் கொடுக்கலாம், இணையத்தில் போடலாமா?

5. தேவையில்லை என்று அவர்கள் ஒதுக்குபவை குடும்பத்துக்குத் திரும்பி வருமா, பழைய பேப்பர்காரனுக்குப் போகுமா?

6. நிறுவனம் நாளைக்கு மூடப்பட்டால் எங்கே போகும்?

கொடுப்பதற்கு முன் முழுப் பட்டியல் ஒன்று தயாராகி இருபக்கமும் கையெழுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலை நிறுவனத்தில் செய்ய முடியாது, வீட்டில்தான் செய்ய முடியும். கடிதங்களில் யாரும் முழுப்பெயர் எழுதுவதில்லை. "மாம்பலத்தார்" யார், "சின்னவன்" என்று எழுதியிருப்பது தம்பியையா பக்கத்து வீட்டுப் பையனையா, 1962-இல் அப்பா ஏன் மூன்று மாதம் யாருக்கும் எழுதவில்லை, இதெல்லாம் தெரிந்தவர் பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர்தான் மிஞ்சியிருப்பார், அவருக்கும் 84 வயது இருக்கும். ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால் அந்த அத்தை வீட்டுக்கு, பெட்டியின் போட்டோக்களையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு நாலைந்து மத்தியானம் போய்விட்டு வாருங்கள்.